சிலாபக் கரையில் ஆசிரியர் சம்பளம்

பாடசாலை ஆசிரியரின் சம்பளம் நிலுவையாகும்போது முதலில் பழி ஏற்பவர் நிர்வாகி. அவருடைய கைச்சுருக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இலங்கையின் மேற்குக் கரையில் இந்தப் பிணக்கு கடந்துவந்த காலத்தைத் தொடர்ந்து பார்த்தால், அதன் வேர் பெரும்பாலும் இன்னோர் இடத்தில் இருக்கிறது. ஆசிரியரை நியமிப்பவர் ஒருவர். சம்பளப் பணம் புறப்படும் இடம் மற்றொன்று. அந்தப் பணம் கைமாறும் வழியில் நிற்பவர் மூன்றாமவர். இந்த மூன்றும் பிரிந்து கிடந்த காலத்தில் எல்லாம் சம்பளம் தடைப்பட்டிருக்கிறது.

புத்தளம் மாவட்டத்தின் தென்பாதியில், தெதுறு ஓயா கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் சிலாபம் இருக்கிறது. கடலோரம் நெடுகக் கத்தோலிக்க மீனவ ஊர்கள், உள்ளே தென்னந்தோட்டங்கள், நகரை ஒட்டி முன்னேஸ்வரம், வடக்கே தமிழ் இந்து மீனவர்களின் உடப்பு, இடையிடையே முஸ்லிம் குடியிருப்புகள். இவ்வளவு கலப்பான கரையில் பாடசாலை என்பது நெடுங்காலம் ஏதேனும் ஒரு மத நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது. ஆகவே ஆசிரியரின் எசமான் யார் என்ற கேள்விக்கும் அந்த நிறுவனத்தின் வழியாகவே விடை தேட வேண்டியிருந்தது.

ஒல்லாந்தர் காலத்துக் கோவிற்பற்றுப் பள்ளியின் ஆசிரியர் வெறும் எழுத்தறிவிப்பவர் அல்லர். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் பள்ளித் தோம்பும் அவர் பொறுப்பில் இருந்தது. இந்த இரட்டை வேலை அவருக்கு ஒரு காப்பாயிற்று என்பதைப் பிரித்தானியர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகள் காட்டின. 1798 இல் ஆளுநராக வந்த பிரெட்ரிக் நோர்த், நலிந்துகிடந்த இப்பள்ளிகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்து ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஏற்படுத்தினார். 1803 அளவில் லண்டனிலிருந்து சிக்கன உத்தரவு வந்தது: தீவு முழுவதுக்குமான கல்விச் செலவு ஆண்டுக்கு 1,500 பவுணைத் தாண்டக் கூடாது. கோவிற்பற்று ஆசிரியர்களின் சம்பளம் நின்றது. பள்ளிகள் உடனே மறைந்துவிடவில்லை. பதிவுக் கட்டணத்தில் கிடைத்த சில்லறையைக் கொண்டு ஆசிரியர்கள் பதவியில் ஒட்டிக்கொண்டார்கள். பாடம் சொல்லும் வேலை பின்னுக்குப் போனது, பதிவு வேலை முன்னுக்கு வந்தது. சம்பளம் வராத ஆசிரியர் பக்கத்து வருமானம் ஒன்றைத் தேடிக்கொள்வதும் அதனால் வகுப்பறை வெறுமையாவதும் இந்தத் தீவில் இருநூறு ஆண்டுப் பழக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அரசு கல்வியைத் தன் கையில் முழுதாக எடுப்பதா, மிசன்களிடம் விட்டு உதவிப் பணம் மட்டும் கொடுப்பதா என்ற வழக்கு எழுந்தது. 1865 இல் அமைந்த மோர்கன் குழு இதை ஆராய்ந்தது. அப்போது யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய, பின்னர் கொழும்பின் பேராயரான கிறிஸ்தோபர் பொன்ஜீன், மதச் சார்பான பாடசாலைகளுக்கு அரசு உதவி வேண்டும் என்று அயராமல் வாதிட்டவர்களுள் முக்கியமானவர். 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியது. மறு ஆண்டே உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை, பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு. வித்தியாதரிசி ஆண்டுக்கொரு முறை வருவார்; வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார்; தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று முகாமையாளர் கையில் பணம் சேரும்.

இங்கிலாந்தில் 1862 முதல் இருந்த முறையே இது. மிசன்களுக்கு இது வரப்பிரசாதமாக வாய்த்தது, பாடசாலைகள் பெருகின. ஆசிரியருக்கோ, செய்த வேலைக்கும் பெறும் கூலிக்கும் நடுவில் ஒரு சோதனை நாள் குறுக்கே வந்தது. பணம் ஆண்டுக்கொரு தடவை. குடும்பச் செலவு மாதந்தோறும். முகாமையாளர் முற்பணமாகக் கொடுத்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் நன்கொடை வரும்வரை கடன்தான். பெறுபேறு குறைந்தால் முற்பணமே அதிகமாகிப் போய், அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் கழிபடும் நிலையும் இருந்தது.

மீனவக் கரையில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகப் பொருந்தியது. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையான மீனவக் குடும்பங்கள் பருவக்காற்றை அனுசரித்து இடம்பெயர்பவை. மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அமைதியான கரைகளை நாடிப் போய் வாடி அடித்துத் தங்குவார்கள். பிள்ளைகளும் கூடப் போவார்கள். அந்த மாதங்களில் வகுப்பு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோதனைக்கு நிறுத்தப் பிள்ளை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் பேரில் பணமும் இல்லை. கடலின் குணத்துக்கும் ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்கும் சட்டம் போட்ட முடிச்சு இது. திணைக்களத்து மேசையில் எழுதப்பட்ட விதி எந்தக் கரையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியில் பெறுபேற்று முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. பிள்ளைகளின் சராசரி வரவை வைத்து ஆசிரியர் தொகையை நிர்ணயிப்பதும், தகைமைக்கேற்ற சம்பளப் படிகளும் அந்த இடத்துக்கு வந்தன. ஆயினும் பணம் போகும் பாதை மாறவில்லை. இடையில் முகாமையாளரே நின்றார். சிலாபக் கரையின் கத்தோலிக்க ஊர்களில் முகாமையாளர் என்றால் பங்குக் குருவானவர், அல்லது அவருக்கு மேலிருந்த மிசன் அதிகாரி. ஊர் ஆசிரியரோ பல இடங்களில் உபதேசியாரும் ஆவார்: செபம் சொல்லிக்கொடுப்பார், பாடற்குழுவை நடத்துவார், குருவானவர் இல்லாத ஞாயிறுகளில் சனத்தைக் கூட்டி வைப்பார். சம்பளம் பிந்தியது என்று அவர் முறைப்பாடு எழுதினால், தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கையைக் குற்றஞ்சாட்டுவதாகவே ஊர் அதை எடுத்துக்கொள்ளும். எழுத்தில் பதிவான பிணக்குகள் குறைவாக இருப்பதை வைத்து, பிணக்கே இல்லை என்று முடிவு கட்டுவது தவறாகிவிடும்.

ஆசிரியர் சங்கங்கள் பேசத் தொடங்கியபோது வெளிவந்த பெரிய குறை, சம்பளம் வராதது அல்ல, வந்ததாகக் காட்டப்பட்டது. முழுத் தொகைக்குக் கையொப்பம், கையில் ஒரு பகுதி, மிச்சம் கட்டட நிதிக்கோ மிசன் செலவுக்கோ ‘நன்கொடை’ என்ற குற்றச்சாட்டு இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஒரே காலத்தில் ஒரே விதமாக எழுந்தது. இதில் முகாமையாளர் தரப்புக்கும் சொல்ல இருந்தது. அரசு நன்கொடை சம்பளத்தின் ஒரு பங்கையே ஈடு செய்தது. கூரைக்கும் மேசைக்கும் வேறு வழியில்லை. ஏழை ஊரில் கட்டணம் கேட்கவும் முடியாது. கணக்கில் விழுந்த குழியை ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து எடுத்து நிரப்பினார்கள் என்பதே இரு தரப்பையும் கேட்டபின் மிஞ்சும் உண்மை.

1934 இன் இறுதியில் மலேரியா வந்தது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியதால் நுளம்பு பெருகியது; தெதுறு ஓயாப் படுகையும் கேகாலை, குருநாகல் பகுதிகளும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. 1935 நடுப்பகுதிக்குள் தீவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அதற்கு முன்னரே உலகப் பொருளாதார மந்தத்தில் தேங்காய், கொப்பரா விலை சரிந்து தோட்டக்காரரின் கொடையும் ஊராரின் காணிக்கையும் வற்றியிருந்தன. வரவுக்கேற்ற நன்கொடையில் இயங்கும் பாடசாலைக்கு இந்த இரண்டும் சேர்ந்து வந்தது எப்படிப்பட்ட அடி என்பதை ஊகிக்கலாம்.

1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ்க் கல்வி நிர்வாகக் குழுவின் தலைவராகி, 1947 வரை அமைச்சராக இருந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர. 1939 இன் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் அவர் காலத்தது. அவர் தலைமையில் 1940 இல் அமைந்த சிறப்புக் குழு 1943 இல் அறிக்கை கொடுத்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இத்திட்டத்தில் சேர்ந்த உதவி பெறும் பாடசாலை கட்டணம் அறவிடக் கூடாது. அதன் ஆசிரியர் சம்பளம் முழுவதையும் அரசு ஏற்கும். சிலாபம் 1939 இல்தான் கொழும்புப் பேராயத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமாகியிருந்தது. 1940 முதல் 1972 வரை அதன் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ், வரலாற்று ஆய்வாளராகவும் அறியப்பட்டவர். கத்தோலிக்க ஆயர்கள் இலவசக் கல்வித் திட்டத்தை ஐயத்தோடு பார்த்தார்கள்: சம்பளம் கொடுக்கும் கை ஒருநாள் சாவியையும் கேட்கும் என்பது அவர்கள் அச்சம். அது வீணான அச்சம் அல்ல என்பது பதினைந்து ஆண்டுகளில் தெரிந்தது.

ஆனால் ஆசிரியருக்கு 1945 க்குப் பிந்திய காலம் பெரிய ஆறுதல். சம்பளம் அரசுப் படியில், ஓய்வூதியமும் உண்டு. எஞ்சியிருந்த குறை, நியமனமும் நீக்கமும் முகாமையாளர் விருப்பத்தில் கிடந்தது. அரசு சம்பளம் தருகிறது, ஆனால் அரசு ஊழியன் இல்லை என்ற இரண்டுங்கெட்டான் நிலைக்கு எதிராகவே 1950 களில் ஆசிரியர் சங்கங்களில் பலவும் குரல் எழுப்பின. பாடசாலைகளை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பௌத்த விசாரணைக் குழுவின் 1956 ஆம் ஆண்டு அறிக்கைக்கு மதக் காரணங்கள் இருந்தன. அதே கோரிக்கையை ஆதரித்த ஆசிரியருக்கு வேலைப் பாதுகாப்பே காரணமாக இருந்தது.

அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் கேரளத்திலும் இதே வழக்கு. அங்கும் கத்தோலிக்கக் கடற்கரை, அங்கும் முகாமையாளர், அங்கும் முழுத் தொகைக்குக் கையொப்பம். 1957 இல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் கொடுக்க வழிசெய்தது. மசோதாவின் சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 1958 இல் ஆராய்ந்து கருத்துச் சொன்னது. எதிர்த்துக் கிளம்பிய விமோசன சமரம் என்ற போராட்டம் 1959 ஜூலை 31 அன்று முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவையின் கலைப்பில் முடிந்தது. ஆட்சி போனாலும் நேரடிச் சம்பளம் நிலைத்தது. நியமன உரிமை முகாமையாளரிடமே இன்றுவரை இருக்கிறது. தமிழ்நாட்டில் 1973 ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நியமிப்பவரையும் சம்பளம் கொடுப்பவரையும் பிரித்தே வைத்து, இடையில் பணம் தங்காமல் பார்த்துக்கொள்வது இந்தியா கண்ட வழி.

இலங்கை அந்த வழியில் போகவில்லை. 1960 ஜூலைத் தேர்தலில் வென்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அரசில் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். உதவி பெறும் பாடசாலைகளும் பயிற்சிக் கல்லூரிகளும் பற்றிய 1960 இன் 5 ஆம் இலக்கச் சட்டம், டிசெம்பர் 1 முதல் கல்விப் பணிப்பாளரை அந்தப் பாடசாலைகளின் முகாமையாளர் ஆக்கியது. 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டம் கட்டடத்தையும் காணியையும் நட்டஈடில்லாமல் அரசுடைமையாக்க வழி செய்தது. இரண்டாயிரத்துக்கும் அதிகமான பாடசாலைகள் கைமாறின. மேற்குக் கரையின் கத்தோலிக்க ஊர்களில் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் காவல் இருந்தனர். 1961 ஜனவரியில் பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் கொழும்புக்கு வந்து சமரசம் பேசிய பிறகே அந்த முற்றுகை ஓய்ந்தது.

போராட்டத்தின் சத்தத்தில் ஆசிரியரின் நிலை கவனிக்கப்படாமல் போனது. கதவை மறித்து நின்ற பெற்றோரும் கோவிலுக்குப் போகும் ஆசிரியரும் ஒரே ஊரார். ஆனால் கையேற்பில் ஆசிரியருக்கு இழப்பை விட வரவு அதிகம். சம்பளம் இனி எந்தத் தனியாரின் பெட்டியையும் கடந்து வரவேண்டியதில்லை. மனத்தால் ஆயரோடும் வயிற்றால் அரசோடும் நின்றவர்கள் அந்தக் கரையில் குறைவாக இருந்திருக்க முடியாது.

முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு தெரிவு விடப்பட்டிருந்தது: அரச உதவியைத் துறந்து தனியாராக இருக்கலாம். ஆனால் பிள்ளைகளிடம் கட்டணம் அறவிடச் சட்டம் இடம் தரவில்லை. உதவியும் இல்லை, கட்டணமும் இல்லை; சம்பளம் மட்டும் மாதந்தோறும் உண்டு. களியாட்ட விழா, அதிர்ஷ்டச் சீட்டு, பழைய மாணவர் கொடை, வெளிநாட்டுத் திருச்சபைகளின் உதவி என்று பாடசாலைகள் ஓடின. துறவறச் சகோதரர்களும் கன்னியரும் சம்பளம் வாங்காமல் கற்பித்ததே உண்மையான முண்டுகோல். அந்த வசதி கத்தோலிக்கருக்கு இருந்தது, மற்றச் சமயத்தாருக்கு அந்த அளவில் இல்லை. குடும்பஸ்தரான பொதுநிலை ஆசிரியர்தான் தட்டுப்பாட்டை நேரில் தாங்கினார். அரச பாடசாலையில் அதே தகைமையோடு இருந்தவர் பெற்ற படியும் ஓய்வூதியமும் இவருக்கு எட்டவில்லை. தாக்குப்பிடிக்க முடியாத சில பாடசாலைகள் பின்னர் தாமாகவே அரசிடம் போயின. நீர்கொழும்பு மாரிஸ் ஸ்டெல்லா போன்றவை நிலைத்தன. சிலாபத்தின் புனித மரியாள் கல்லூரி இன்று அரச பாடசாலை. 1977 க்குப் பிந்திய ஆட்சியில் இத்தகைய தனியார் பாடசாலைகளில் ஒரு பகுதியின் ஆசிரியர் சம்பளத்தை அரசு மறுபடி ஏற்றது. சுற்றி வந்து பழைய உதவி நன்கொடை முறையின் வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

அரசே எசமான் ஆனதும் சம்பளப் பிணக்கு மறைந்துவிடவில்லை, முகம் மாறியது. 1956 இன் அரச கரும மொழிச் சட்டத்தையடுத்து, சிங்களத் தேர்ச்சி இல்லாத தமிழ் அரச ஊழியரின் ஆண்டுச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. கேகாலைக் கச்சேரி எழுதுவினைஞர் கோடீஸ்வரன் 1962 இல் மறுக்கப்பட்ட தம் உயர்வுக்காக வழக்கிட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியை எதிர்த்து வழக்காட முடியாது என்று புரட்டியது. 1969 இல் லண்டன் பிரிவி கவுன்சில், முடியும் என்றது. கோடீஸ்வரன் ஆசிரியர் அல்லர். ஆனாலும் அரசிடம் சம்பளம் பெறுவோர் எல்லோருக்கும் அந்தத் தீர்ப்பில் பங்கு உண்டு. சிலாபக் கரையில் மொழி இன்னொரு விதமாகவும் ஆசிரியரைத் தொட்டது. தமிழில் செபம் சொன்ன பல கத்தோலிக்க ஊர்களின் பாடசாலைகள் சிங்கள மொழிமூலத்துக்கு மாறியதோடு, தமிழாசிரியருக்கான இடங்களும் சுருங்கின.

1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. சட்டம் மூடிய கதவுக்குப் பக்கத்தில் கம்பனிச் சட்டம் திறந்திருந்தது. 1980 களிலிருந்து சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிந்துகொண்டு பெருகின. கொழும்பில் தொடங்கி நீர்கொழும்பு வழியாக வடமேற்குக் கரைக்கும் வந்தன. இவற்றுக்கு அரச நன்கொடை கிடையாது. பெற்றோர் தவணைக் கட்டணம் பிந்தினால் ஆசிரியர் சம்பளமும் பிந்தும். கல்வித் திணைக்களத்துக்கு இவற்றின் மேல் பிடி குறைவு என்ற குறை நெடுநாளாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு எதிர்பாராத பலனும் உண்டு: பாடசாலை கம்பனி ஆனபடியால் ஆசிரியர் தொழிலாளி ஆனார்.

இதன் பெறுமதியை இந்தியாவோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். அங்கே 1988 இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளி அல்லர் என்றது. 2004 இல் அகமதாபாத் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வழக்கில், பணிக்கொடைச் சட்டத்திலும் அவர்கள் அடங்கார் என்று தீர்ந்தது. நாடாளுமன்றம் 2009 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பின்னோக்கி அமலாக்கியது. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போயின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. பணிக்கொடை நிலுவைக்காக ஓய்வுபெற்றவர்கள் காத்திருந்த காலம் இதில் ஒரு தலைமுறையின் பாதி. டெல்லியில் 1973 ஆம் ஆண்டுப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளியின் சம்பளம் அரசுப் பள்ளிச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல என்பது 1986 இன் பிராங்க் அந்தோணி வழக்கில் தெளிவானது.

இலங்கையில் 1950 ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம், எந்தப் பதவியில் ஒப்பந்தம் செய்து வேலை செய்பவரையும் தொழிலாளி என்கிறது. 1957 இன் திருத்தத்தால் வந்த தொழில் நியாய சபையில் வேலை நீக்கம் பற்றி முறையிடலாம். 1958 ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி இன்று தொழில்கொள்வோர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும்; நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்கொள்வோரின் 3 வீதம் வேறு. பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து ஆண்டு வேலை செய்து விலகுபவருக்கு, 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், முப்பது நாளுக்குள். ஆசிரியர் சம்பளப் பத்திரத்தில் சேமலாப நிதி கழிக்கப்பட்டு, நிதிக்குப் பணம் போகாமல் இருப்பதே தனியார் பாடசாலைகளில் கண்டுபிடிக்கக் கடினமான நிலுவை. மாதம் தவறிய சம்பளம் உடனே தெரியும். இது ஓய்வுபெறும் நாளில்தான் தெரியவரும்.

2020 மார்ச்சில் கொவிட் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்த ஏற்பாடுகள் எல்லாம் சோதனைக்குள்ளாயின. அந்த ஆண்டு மே மாதம் தொழில் அமைச்சும் தொழில்கொள்வோர் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் செய்த முத்தரப்பு இணக்கப்படி, வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் தனியார் துறை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அது கிடைக்க வேண்டும். வீட்டிலிருந்து இணையவழி பாடம் நடத்திய ஆசிரியர் இதில் சேரமாட்டார், அவர் வேலை செய்துகொண்டிருந்தவர். அவருக்கும் பாதிச் சம்பளம் கொடுத்துவிட்டு இந்த இணக்கத்தைக் காரணம் காட்டுவதற்கு அதன் வாசகத்தில் இடமில்லை.

முறைப்பாடு இன்று போகும் பாதை முன்னைப்போல் பங்குக் குருவானவர் வீட்டு வாசலில் முடிவதில்லை. தொழில் அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். அதிகாரி சம்பளப் பதிவேட்டை வரவழைத்துப் பார்ப்பார். சேமலாப நிதி, பணிக்கொடை நிலுவைகளைத் தொழில் ஆணையாளர் சான்றிதழாக்கி நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பினால், தண்டப்பணம்போல அதை அறவிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. நியமனக் கடிதமும் சம்பளப் பத்திரமும் கையிலுள்ள ஆசிரியருக்கு இந்தப் பாதை நடக்கக்கூடியது. கடிதமில்லாமல், மாதக் கடைசியில் கடித உறையில் பணம் வாங்கும் முன்பள்ளி ஆசிரியைக்கும் தனியார் வகுப்பு உதவியாசிரியருக்கும் வேலை செய்ததை நிரூபிப்பதே முதல் வழக்காகிவிடுகிறது.